குவியல் மேல் பவுடர் தூவினால் கிருமி சாகாது

2015 வெள்ளத்திலும் பார்த்தோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த பிறகும் பார்த்தோம். சென்னைத் தெருமுனைகளில் ஊறிப்போன மெத்தை, அரிசி மூட்டை, டியூப்லைட், மாத்திரை அட்டை எல்லாம் ஒரே குவியலாக. அதன் மேல் கோலமாவு தூவியதுபோல் பிளீச்சிங் பவுடர். "அதான் பவுடர் போட்டாச்சே!" என்று பதில் வேறு.

போட்டு என்ன பயன்? சேறும் அழுகலும் பவுடரில் உள்ள குளோரினை முதலில் தின்றுவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. குவியலுக்குள் அது இறங்கவும் செய்யாது. எலி உள்ளே குடித்தனம் நடத்தும். பிளீச்சிங் என்பது கழுவி முடித்த தரைக்கு. முதலில் சேற்றை வழித்துக் கொட்டுங்கள். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் 10 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள். வாய் திறந்து மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட் என்றால் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள். கூடவே டாய்லெட் ஆசிட்டையும் கலக்கும் வீரர்கள் உண்டு. வருவது குளோரின் வாயு. மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

குப்பையைப் பிரித்து வையுங்கள். உணவுக் கழிவு தனி, மெத்தை துணி தனி, கல் மண் தனி, பெயின்ட் பூச்சிமருந்து தனி. மழைநீர் வடிகால் வாயை அடைத்து எதையும் குவிக்காதீர்கள். அடுத்த மழைக்கு அதே தண்ணீர் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். தண்ணீரில் மூழ்கிய பவர் பேங்க், இ-ஸ்கூட்டர் பேட்டரி சில நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். அவற்றை வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். குப்பையை அமுக்கி ஏற்றும் காம்பாக்டர் லாரியில் அந்த பேட்டரி நசுங்கினால் லாரியே எரியலாம்.

எரிக்கவே எரிக்காதீர்கள். ஃபோம் மெத்தைப் புகையில் சயனைடு இருக்கிறது.

உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுத்தியலால் தட்டிப் பொடியாக்குகிறவர்களை என்ன சொல்ல! அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக இறக்கி, தார்ப்பாயில் சுற்றித் தனியே வையுங்கள்.

ஊசி, பிளேடு, கண்ணாடித் துண்டுகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடி, மேலே எழுதி ஒட்டுங்கள், தயவுசெய்து. தூய்மைப் பணியாளர்களில் பலர் குப்பையைக் கையால்தான் அள்ளுகிறார்கள். எலிச் சிறுநீர் கலந்த வெள்ள நீரில் நனைந்த கையில் ஒரு கீறல் போதும், எலிக்காய்ச்சலுக்கு.