ரெஜைனாவுக்குக் குடிவந்தவர்களுக்கு: ஒவ்வோர் அலுவலகமும் எண்ணும் தேதி வேறு

சென்ற குளிர்காலத்தில் ஒரு தம்பதி என் சமையலறை மேசையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார்கள். பாஸ்போர்ட், வேலை பர்மிட், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள், மளிகைக் கடை ரசீதுகூட ஒன்று. கனடாவுக்கு வந்து இரண்டரை ஆண்டு. குழந்தைகள் நலத்தொகை ஒரு டாலர்கூட வாங்கவில்லை. "பர்மிட்டில் இருப்பவர்களுக்கு அது கிடையாது" என்று வந்த புதிதில் ஒரு கவுன்டரில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு அது உண்மை. பத்தொன்பதாம் மாதத்தில் அது பொய்யாகிவிட்டது. பொய்யாகிவிட்டதைக் கூப்பிட்டுச் சொல்வது எந்த கவுன்டரின் வேலையும் இல்லை.

கனடாவின் சாஸ்கட்சுவான் மாகாணத்தில், ரெஜைனாவிலோ சாஸ்கட்டூனிலோ வந்து இறங்குபவர்கள் மைனஸ் முப்பது குளிருக்குத் தயாராகத்தான் வருகிறார்கள். இந்தத் தேதிக் கணக்குக்குத்தான் யாரும் தயாராக இருப்பதில்லை. ஆகவே பணத்தில் தொடங்குகிறேன்.

குழந்தைகள் நலத்தொகை மத்திய அரசின் பணம். வருமான வரித் துறையான சி.ஆர்.ஏ. மாதாமாதம் தருகிறது. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான கணக்கில், ஆறு வயதுக்குட்பட்ட ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 7,997 டாலர் வரை, ஆறு முதல் பதினேழு வயது வரை 6,748 டாலர் வரை. குடும்பத்தின் நிகர வருமானம் 37,487 டாலருக்குள் இருந்தால் முழுத் தொகை; அதற்கு மேல் போகப்போகக் குறையும். நிரந்தர வசிப்புரிமையோடு வந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. வேலை பர்மிட், படிப்பு பர்மிட் என்றால் முந்தைய 18 மாதங்கள் கனடாவில் வசித்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் மாதத்தில் கையிலிருக்கும் பர்மிட் செல்லுபடியாக வேண்டும். அந்த பர்மிட்டில் "இது தகுநிலை அளிப்பதில்லை" என்ற பொருளில் ஆங்கில வரி அச்சாகியிருந்தால் அது கணக்கில் வராது. எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். பலர் தங்கள் பர்மிட்டின் கீழ்ப்பகுதியைப் படித்ததே இல்லை.

இங்கே ஒரு கண்ணி. கணவர் முதலில் வந்து, மனைவியும் குழந்தைகளும் ஓராண்டு கழித்து வருவது நம்மவர்களின் வழக்கம். மனைவி வந்த நாளிலிருந்து பதினெட்டு மாதம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தேவையில்லை. குடிவரவு நிபந்தனையைத் தம்பதியரில் ஒருவர் நிறைவேற்றினால் போதும். விண்ணப்பம் வழக்கமாகத் தாயின் பெயரில் போக வேண்டும். கணவரின் பர்மிட்டையும் அவர் வந்த தேதிக்கான சான்றையும் கூடவே இணையுங்கள்.

அடுத்த கண்ணி வரிக் கணக்கு. "நான் வேலைக்கே போகவில்லை, எனக்கு எதற்கு வரிக் கணக்கு?" என்று கேட்காத அக்கா இந்த ஊரில் இல்லை. வருமானம் சுழியமானாலும் கணவன், மனைவி இருவரும் ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டும். கடைசி நாள் பொதுவாக ஏப்ரல் 30. ஒருவர் விட்டாலும் ஜூலையில் பணம் நின்றுவிடும். நின்றதற்கான காரணம் ஒரு கடிதத்தில் வரும். அது நீங்கள் எட்டு மாதத்துக்கு முன்பு காலி செய்த வீட்டுக்குப் போகும்.

விண்ணப்பம் ஆர்.சி. 66 என்ற படிவம். புதிதாக வந்தவர்கள் அதோடு இன்னொரு தாளும் நிரப்ப வேண்டும்: கனடாவில் உங்கள் குடிவரவு நிலை என்ன, வருவதற்கு முன் ஊரில் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று கேட்கும் தாள். ஊர் வருமானத்தைக் கனடிய டாலராக மாற்றி எழுதுங்கள். வருமானமே இல்லையென்றால் 0 என்று எழுதுங்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால் சுழியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும், அதற்குள் இன்னொரு பனிக்காலம் வந்துவிடும். அனுப்புவதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து வையுங்கள். தாமதமாக விழித்துக்கொண்டவர்கள் விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்துக் கேட்கலாம். பதினொரு மாதத்துக்கு முந்தைய காலத்துக்குக் கூடுதல் ஆதாரம் கேட்பார்கள்: குழந்தை உங்களோடுதான் வசித்தது என்று பள்ளியோ மருத்துவரோ தரும் கடிதம், பழைய வாடகை ஒப்பந்தம். மேலே சொன்ன தம்பதி அப்படித்தான் கேட்டார்கள். பணம் வந்தது.

பணம் வரத் தொடங்கியதும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பர்மிட் புதுப்பிக்கப்பட்டால் சி.ஆர்.ஏ.வுக்கு நீங்கள்தான் புது நகலை அனுப்ப வேண்டும். நிரந்தர வசிப்புரிமை கிடைத்தால், ஒன்பதில் தொடங்கும் உங்கள் பழைய சின் எண்ணை (வேலைக்கும் வரிக்கும் தேவையான சமூகக் காப்பீட்டு எண்) மத்திய அரசின் சர்வீஸ் கனடா அலுவலகத்தில் மாற்ற வேண்டும். வேலை கொடுப்பவரிடமும் வங்கியிடமும் புது எண்ணைச் சொல்ல வேண்டும். சின் எண் இலவசம். யாராவது அதற்குக் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்கு பர்மிட் கொடுத்ததும் மத்திய அரசு, நலத்தொகை தருவதும் மத்திய அரசு. இரண்டுக்கும் இடையே தபால்காரர் நீங்கள்.

இனி மருத்துவ அட்டை. இது மாகாணத்தின் கையில்; கொடுப்பது ஈஹெல்த் சாஸ்கட்சுவான். வெளிநாட்டிலிருந்து நேரே இங்கே வரும் நிரந்தர வசிப்புரிமைக்காரர்களுக்கும் பன்னாட்டு மாணவர்களுக்கும் குடிவந்த நாளிலிருந்தே காப்பு உண்டு. ஆனால் நம்மில் பலர் டொரொன்டோவில் உறவினர் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டு, வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே வருகிறார்கள். அவர்களுக்கு வேறு கணக்கு. வேறு மாகாணத்திலிருந்து வந்தால், வந்த மாதத்துக்குப் பின் மூன்றாவது மாதத்தின் முதல் நாளில்தான் இங்குள்ள காப்பு தொடங்கும். மார்ச் 10 அன்று வந்தால் ஜூன் 1. அதுவரை டொரொன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் அட்டைதான் துணை. "ஊர் மாறிவிட்டோமே" என்று அதை அவசரப்பட்டு ரத்து செய்துவிடாதீர்கள். ஒன்டாரியோவில் அட்டையே எடுக்காமல் வந்தவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். டொரொன்டோவில் இறங்கிய வாரமே எடுத்திருந்தால் இந்தப் பாடு இல்லை.

விண்ணப்பத்துக்கு மூன்று வகைச் சான்று: சட்டப்படி கனடாவில் இருப்பதற்கு ஒன்று, சாஸ்கட்சுவானில் வசிப்பதற்கு ஒன்று, அடையாளத்துக்கு ஒன்று. இடறுவது நடுவில் உள்ளதில். நண்பரின் கீழ்த்தளத்தில் ஒப்பந்தம் இல்லாமல் தங்கியிருந்தால் உங்கள் பெயரில் முகவரியே இல்லை. மின்கட்டணம் கணவர் பெயரில், ஒப்பந்தம் கணவர் பெயரில். மனைவி இந்த ஊரில் இருப்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கைக் கூட்டாகத் திறங்கள். இந்த இரண்டையும் முதல் வாரத்தில் செய்தால் பிறகு வரும் பாதி அலைச்சல் மிச்சம்.

அட்டை இருக்கிறது என்று ஆம்புலன்ஸை இலவசமாக நினைத்துவிடாதீர்கள். அதற்கு வீட்டுக்கு பில் வரும், நூற்றுக்கணக்கில். பல் மருத்துவமும் பெரியவர்களின் பெரும்பாலான மருந்துகளும் இந்த அட்டையில் அடங்காது. பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, மாகாணப் பட்டியலில் உள்ள மருந்து ஒன்றுக்கு 25 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. உயிருக்கு ஆபத்தென்றால் தயங்காமல் 911. மற்றபடி நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் 811ஐ அழையுங்கள். செவிலியர் பேசுவார், கட்டணம் இல்லை.

வாடகை முன்பணத்தில் ஏமாறுபவர்கள் படித்தவர்கள்தான், அதுவும் டொரொன்டோ பழக்கத்தால். அங்கே கடைசி மாத வாடகையை முன்கூட்டி வாங்குவது சகஜம். இங்கே முன்பணம் எந்தப் பெயரில் வந்தாலும் ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அதிலும் குடிபுகும்போது பாதி, மீதியை இரண்டு மாதத்துக்குள் தரலாம். வாடகைக்கு உச்சவரம்பு மட்டும் இந்த மாகாணத்தில் கிடையாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். காலி செய்த பிறகு ஏழு வேலை நாளுக்குள் உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது எதற்காகப் பிடிக்கிறார் என்று எழுத்தில் கோர வேண்டும். என் நண்பர் ஒருவரிடம் கம்பளக் கறைக்காக முழு முன்பணத்தையும் பிடித்தார்கள். குடிபுகுந்த அன்று அவர் மகள் கம்பளத்தில் உட்கார்ந்து பொம்மையோடு எடுத்த படத்தில் அதே கறை இருந்தது. அந்தப் படத்தோடு வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் மாகாண அலுவலகத்துக்குப் போனார், பணம் திரும்பியது. நீங்கள் பொம்மையை நம்பாமல் முதல் நாளே சுவர், தரை, அடுப்பு எல்லாவற்றையும் தேதியோடு படமெடுங்கள். காலி செய்யும்போது புது முகவரியை எழுத்தில் கொடுங்கள்.

ஓட்டுநர் உரிமம் பற்றிச் சுருக்கமாக: ஊர் உரிமத்தோடு 90 நாள் ஓட்டலாம். இந்திய, இலங்கை உரிமங்களை நேரடியாக மாற்றித் தர மாட்டார்கள். எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் உண்டு. எண்பதாவது நாளில் தேர்வுத் தேதி கேட்டால் கிடைக்காது. முதல் வாரமே, மாகாணத்தில் ஓட்டுநர் உரிமம் தரும் எஸ்.ஜி.ஐ.யில் பதியுங்கள். கிளம்புவதற்கு முன், உரிமம் முதன்முதலில் வழங்கப்பட்ட தேதியைக் காட்டும் கடிதத்தை ஊரிலேயே ஆங்கிலத்தில் வாங்கிவிடுங்கள். இங்கே வந்தபிறகு அதை வாங்கித் தரச் சொல்லி ஊரிலுள்ள மாமாவை அலையவிடுவது அவருக்குச் செய்யும் கொடுமை.

படிவம் புரியவில்லையென்றால், புதிதாகக் குடிவந்தவர்களுக்கு உதவும் அமைப்பான ரெஜைனா ஓப்பன் டோர் சொசைட்டியில் உட்கார்ந்து விளக்குவார்கள். வருமானம் குறைவென்றால் மார்ச், ஏப்ரலில் தன்னார்வலர்கள் இலவசமாக வரிக் கணக்குப் போட்டுத் தருவார்கள். நூறு டாலர் வாங்கிக்கொண்டு முகநூல் குழுவில் "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்பவரிடம் சின் எண்ணைக் கொடுக்காதீர்கள்.