சும்மா பார்த்துக்கொள்ளும் வேலை

1995 ஜூன் 9ஆம் தேதி நண்பகலில் ராயல் மெஜஸ்டி என்ற உல்லாசக் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பியது. பயணிகளும் பணியாளர்களுமாக 1,500 பேருக்கு மேல் இருந்தார்கள். கிளம்பி ஒரு மணி நேரம் ஆவதற்குள் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டது. அடுத்த 34 மணி நேரத்துக்குக் கப்பலில் ஒருவருக்கும் அது தெரியாது. மறுநாள் இரவு நான்டகெட் தீவுக்குக் கிழக்கே ஒரு மணல்திட்டில் கப்பல் தரைதட்டியபோது, அது இருப்பதாக அதிகாரிகள் நம்பிய இடம் ஏறக்குறைய 17 மைல் தள்ளி இருந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

கேபிள் கழன்றது பெரிய விஷயமில்லை. கடலில் கேபிள் கழலும், உப்பில் துருப்பிடிக்கும், யாராவது காலால் மிதித்துவிடுவார்கள். 34 மணி நேரம் அது எப்படித் தெரியாமல் போனது என்பதுதான் விஷயம்.

செயற்கைக்கோள் சிக்னல் நின்றதும் அந்த ஜிபிஎஸ் கருவி அணைந்துபோகவில்லை. கடைசியாகத் தெரிந்த இடத்தை வைத்துக்கொண்டு, கப்பலின் திசையையும் வேகத்தையும் கூட்டி, 'இந்நேரம் இங்கே இருக்க வேண்டும்' என்று கணக்குப் போட ஆரம்பித்தது. மாலுமிகள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த கணக்குதான் இது. இதில் ஒரு ஓட்டை உண்டு. காற்றும் நீரோட்டமும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளினால் இந்தக் கணக்குக்கு அது தெரியாது. முறை மாறிவிட்டது என்பதைக் கருவி சொல்லாமல் இல்லை. கேபிள் கழன்றதும் சற்று நேரம் மெல்லிய ஒலி எழுப்பியது. பிறகு திரையின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு சுருக்கக் குறியீட்டைக் காட்டியது. இட எண்கள் மட்டும் பெரிய எழுத்தில், வழக்கமான மிடுக்கோடு மாறிக்கொண்டே இருந்தன.

இந்த மாதிரித் தவறைப் பிடிப்பதற்கென்றே கப்பலை ஓட்டிய ஆட்டோபைலட்டில் ஒரு சோதனை இருந்தது. ஜிபிஎஸ் சொல்லும் இடத்தையும், திசையையும் வேகத்தையும் வைத்துத் தானே கணக்கிட்ட இடத்தையும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் விலகினால் அலாரம் அடிக்கும். ஆனால் ஜிபிஎஸ் கருவியும் இப்போது அதே திசையையும் அதே வேகத்தையும் வைத்து அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு விடைகளும் கனகச்சிதமாகப் பொருந்தின. இரண்டு மாணவர்கள் ஒரே தாளைப் பார்த்து எழுதினால் விடைகள் ஒத்துப்போவதில் அதிசயம் என்ன?

இனி மனிதர்களைப் பார்ப்போம். அதிகாரிகள் மணிக்கு ஒருமுறை வரைபடத்தில் இடத்தைக் குறித்தார்கள், ஒவ்வொரு முறையும் அதே ஜிபிஎஸ்ஸைப் பார்த்து. கரையிலுள்ள ரேடியோ நிலையங்களின் சிக்னலை வைத்து இடம் சொல்லும் லோரான் என்ற தனிக் கருவி பக்கத்திலேயே, சரியாக வேலை செய்துகொண்டு இருந்தது. அதோடு யாரும் ஒப்பிடவில்லை. ஆழம் குறைந்தால் எச்சரிக்கும் அலாரம் பூஜ்ஜிய மீட்டரில் வைக்கப்பட்டிருந்தது, அதாவது தரைதட்டிய பிறகுதான் அடிக்கும். மாலையில் கடல்வழியைக் காட்டும் ஒரு மிதவை வர வேண்டிய நேரத்தில் ரேடாரில் ஏதோ தெரிந்தது. அதுதான் இது என்று அதிகாரி முடிவுகட்டினார். அது வேறொரு மிதவை. இரவில் காவல் பார்த்தவர்கள் சிவப்பு விளக்குகள் தெரிவதாகச் சொன்னார்கள். அப்புறம் நேர் எதிரே நீலமும் வெள்ளையுமாகத் தண்ணீர் தெரிவதாகச் சொன்னார்கள். ஆழமில்லாத கடலில் அலை உடையும்போது அப்படித்தான் இருக்கும். 'சரி' என்று கேட்டுக்கொண்ட அதிகாரி கப்பலைத் திருப்பவில்லை.

இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது சுலபம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது தானியங்கிக் கருவிகள் மீது வைத்த அளவுகடந்த நம்பிக்கையை முக்கியக் காரணமாகச் சொன்னது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? கருவி அதுவரை ஒழுங்காக வேலை செய்ததிலிருந்துதான். தினமும் பொய் சொல்லும் கருவியை ஒருவரும் 34 மணி நேரம் நம்ப மாட்டார்கள்.

இதன் பின்னால் உள்ள மனித மூளையின் குணம் இரண்டாம் உலகப் போரிலேயே பிடிபட்டுவிட்டது. பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் பணியாளர்கள் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் போகப்போக நன்கு பயின்றவர்களும் கோட்டைவிட்டார்கள். ஏன் என்று பார்க்க நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு கடிகாரம் செய்தார். எண்கள் இல்லாத வெள்ளை முகப்பு, ஒரே ஒரு முள். நொடிக்கு ஒரு தடவை ஓர் எட்டு நகரும், எப்போதாவது ஒரு தடவை இரண்டு எட்டு தாவும். தாவினால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் முதல் அரை மணி நேரத்திலேயே பிடிக்கும் திறன் கண்கூடாகச் சரிந்தது. 1948இல் வெளியான இந்த முடிவு அதற்குப் பிறகு பலவிதங்களில் சோதிக்கப்பட்டும் நிலைத்து நிற்கிறது.

ஆக, அபூர்வமாக நடக்கும் ஒன்றுக்காகக் காத்திருப்பது மனிதருக்கு வராத வேலை. தானியங்கிக் கருவி வந்ததும் அந்த வேலையைத்தான் நாம் மனிதருக்குக் கொடுக்கிறோம்: 'இயந்திரம் ஓட்டும், நீ சும்மா பார்த்துக்கொள்.' லண்டனில் பணியாற்றிய லிசேன் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இந்த முரணைப் பிரித்துக் காட்டினார். வடிவமைப்பாளர் எளிதான பகுதிகளை இயந்திரத்துக்குக் கொடுக்கிறார். அவருக்கே தானியங்கியாக்கத் தெரியாத கடினமான பகுதி மனிதரிடம் மிஞ்சுகிறது. மனிதரோ எளிய பகுதிகளைச் செய்துசெய்துதான் கடினமானதைச் சமாளிக்கும் கைப்பழக்கத்தைப் பெற்றவர். அந்தப் பயிற்சி போய்விட்டது. இயந்திரம் கைவிடும் நேரம் வழக்கத்துக்கு மாறான, மிக மோசமான நேரமாகத்தான் இருக்கும். வழக்கத்தைவிட அதிகத் திறமை தேவைப்படும் அந்த நேரத்தில், வழக்கத்தைவிடக் குறைந்த பயிற்சியோடு ஒருவர் உள்ளே நுழைகிறார். நாற்பது ஆண்டுகள் கழித்தும் இந்த அலசலில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம்.

2009 ஜூன் 1ஆம் தேதி அட்லான்டிக் கடலுக்கு மேல் நடந்தது இதற்கு வலி மிகுந்த எடுத்துக்காட்டு. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. எதிர்க்காற்றின் அழுத்தத்தை அளந்து விமானத்தின் வேகத்தைச் சொல்பவை அந்தக் குழாய்கள். வேக எண்கள் நம்பமுடியாதவை ஆனதும் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. வடிவமைப்பின்படி அது செய்தது சரிதான். அடைப்பும் ஒரு நிமிடத்துக்குள் நீங்கிவிட்டது. விமானம் அப்போது நேராகத்தான் பறந்துகொண்டிருந்தது. ஒன்றும் செய்யாமல், அதே உயரத்தில் அதே எஞ்சின் விசையோடு விட்டிருந்தால் போதும்.

ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி மூக்கை உயர்த்தினார். விமானம் மேலேறி வேகம் இழந்தது, இறக்கைகள் தூக்கும் விசையை இழந்தன. விமானிகள் இதை ஸ்டால் என்பார்கள். ஸ்டாலிலிருந்து மீள மூக்கைத் தாழ்த்த வேண்டும், அவரோ பெரும்பாலான நேரம் உயர்த்தியே பிடித்திருந்தார். அவ்வளவு உயரத்தில், வேகமானி குழம்பிய நிலையில் கையால் ஓட்டும் பயிற்சி துணை விமானிகள் இருவருக்குமே கொடுக்கப்படவில்லை என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. ஆட்டோபைலட் விலகி நாலரை நிமிடத்துக்குள் விமானம் கடலில் மோதி 228 பேரும் இறந்தார்கள்.

அதில் ஒரு நுணுக்கம் என்னை இன்னும் உறுத்துகிறது. அளந்த வேகம் மணிக்கு 60 கடல்மைலுக்குக் கீழே போனால், 'இந்த அளவு நம்பத்தக்கதல்ல' என்று கணினி அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அப்போது ஸ்டால் எச்சரிக்கையும் நின்றுவிடும். எனவே நிலைமை படுமோசமான கட்டத்தில் எச்சரிக்கை ஓய்ந்தது. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகம் கொஞ்சம் கூடியதும் மறுபடி அலறியது. சரியாகச் செய்தால் திட்டும், தவறாகச் செய்தால் அமைதியாகும் கருவி. கணினியின் பார்வையில் ஒவ்வொரு வரியும் நியாயமான விதிதான். இருட்டில், பதற்றத்தில், நொடிக்கணக்கில் முடிவெடுப்பவர் அந்த விதியை எப்படி ஊகிப்பார்?

கப்பலும் விமானமும் நமக்குத் தூரம் என்று தோன்றலாம். வழிகாட்டிச் செயலி எல்லோர் கையிலும் இருக்கிறது. மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இடங்களின் அமைப்பை நினைவில் கட்டுகிறது. ஜான் ஓ'கீஃப் எலிகளில் அதற்கான செல்களை 1971இல் விவரித்தார், 2014இல் மோசர் தம்பதியோடு நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். 2017இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், ஒரு நகரப் பகுதியின் தெருக்களில் கணினித் திரை வழியே ஆட்களை வழிதேட வைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். தாங்களே வழி யோசித்தபோது, கிளைகள் நிறைய உள்ள தெருவுக்குள் நுழைந்ததும் ஹிப்போகேம்பஸின் செயல்பாடு எகிறியது. 'இடப்பக்கம் திரும்பு' என்ற கட்டளைப்படி போனபோது அந்த எகிறலே இல்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஜிபிஎஸ்ஸை அதிகம் பயன்படுத்தியவர்களுக்கு இட நினைவு மூன்று ஆண்டுகளில் கூடுதலாகச் சரிந்திருந்தது. மறுபடி சோதிக்கப்பட்டவர்கள் 13 பேர்தான் என்பதால் இதை வைத்துப் பெரிய கட்டடம் எழுப்ப வேண்டாம். ஆனால் பயன்படுத்தாத திறன் மழுங்குவதில் வியப்பு ஏதுமில்லை.

தனிமனிதரின் மூளையோடு இது நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. 'சிஸ்டம் அப்படித்தான் காட்டுது' என்ற பதிலைக் கேட்டு எரிச்சலடையாதவர் யார்? பிரிட்டனில் அந்தப் பதில் ஆட்களைச் சிறைக்கே அனுப்பியது. அங்கே அஞ்சலகக் கிளைகளில் 1999 முதல் பயன்பாட்டுக்கு வந்த ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் இல்லாத பணப் பற்றாக்குறையைக் காட்டியது. கிளை நடத்தியவர்கள் திருடவில்லை என்று மன்றாடினார்கள். 900 பேருக்கு மேல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. கணினிப் பதிவைச் சாட்சியமாகக் காட்ட வேண்டுமானால் கணினி ஒழுங்காக இயங்கியதை நிரூபிக்க வேண்டும் என்று அந்த நாட்டில் முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கிவிட்டது. அதன்பின், மாறாகக் காட்டும்வரை கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மென்பொருளின் உள்ளே எட்டிப்பார்க்க வழியில்லாத ஒருவர் அது தவறு என்று எப்படிக் காட்டுவார்? 2024இல் தனிச்சட்டம் இயற்றித்தான் நூற்றுக்கணக்கான தண்டனைகளை நாடாளுமன்றம் ஒரேயடியாக ரத்து செய்தது. எனக்கு மணல்திட்டில் ஏறிய கப்பலைவிட இதுதான் பயங்கரமாகப் படுகிறது.

எல்லாவற்றையும் கையால் செய்வோம் என்று கிளம்புவதும் பலிக்காது. ஆட்டோபைலட் வந்த பிறகு விமானப் பயணம் பாதுகாப்பாகத்தான் ஆகியிருக்கிறது. அதனால் வல்லுநர்கள் வேறு இடத்தில் கைவைக்கிறார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013 ஜனவரியில் விமான நிறுவனங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பியது: பொருத்தமான வேளைகளில் விமானிகளைக் கையால் ஓட்டவிடுங்கள் என்று. விண்மீன்களைப் பார்த்து இடம் கணிக்கும் பாடத்தைக் கைவிட்டிருந்த அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 2015இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. யாரும் ஊடுருவிக் கெடுக்க முடியாத சிக்னல் அல்லவா விண்மீன்.

மேக்வொர்த்தின் சிக்கலுக்கு எனக்குப் பிடித்த தீர்வு விமான நிலைய எக்ஸ்ரே இயந்திரங்களில் இருக்கிறது. பெட்டிகளுக்குள் நிஜத் துப்பாக்கி வருவது மிக அபூர்வம், அதனால் பார்ப்பவரின் கவனம் சோர்ந்துவிடும். எனவே மென்பொருளே அவ்வப்போது ஒரு பெட்டியின் படத்துக்குள் பொய்யான துப்பாக்கியையோ கத்தியையோ நுழைத்துவிடுகிறது. பிடித்துவிட்டால் 'இது சோதனைப் படம்' என்று உடனே சொல்லும், விட்டுவிட்டால் அதையும் சொல்லும். தேடுவது கிடைத்துக்கொண்டே இருப்பதால் கண் விழித்திருக்கிறது.

பாதி தானாக ஓடும் கார்களில் இந்த அளவு யோசனை இன்னும் வரவில்லை. அங்கே ஸ்டியரிங்கில் கை இருக்கிறதா என்று ஓர் உணரி பார்க்கும், கண் சாலையை நோக்கி இருக்கிறதா என்று ஒரு கேமரா பார்க்கும். ஓட்டுநர் எந்த நினைப்பில் இருக்கிறார் என்பதைப் பார்க்க இரண்டுக்கும் வழி கிடையாது.