வேதபாட வகுப்புக்கு வெளியே

முப்பது ஆண்டுகளாகக் கிறிஸ்தவப் பள்ளிகளில் ஆசிரியராகவும் பின்னர் தலைமையாசிரியராகவும் பணியாற்றிய காலத்தில், பிள்ளையைச் சேர்க்க வந்த பெற்றோர் என்னிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்டார்கள்: தேர்ச்சி எத்தனை சதவீதம், கண்டிப்பு எப்படி. என் பிள்ளையை எப்படிப்பட்ட மனிதராக வளர்க்கப் போகிறீர்கள் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அந்தக் கேள்விக்கான தெளிவான விடை எங்கள் ஆசிரியர் அறையிலும் நெடுநாள் இல்லை என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம்.

காலை ஜெபம், வேதபாட வகுப்பு, மனப்பாட வசனப் போட்டி ஆகியவை இருந்துவிட்டால் அது கிறிஸ்தவப் பள்ளி என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. இவை தேவையானவையே. ஆனால் சிறுவனாகிய இயேசு ஞானத்திலும், வளர்த்தியிலும், தேவகிருபையிலும், மனுஷர் தயவிலும் விருத்தியடைந்ததாக லூக்கா நற்செய்தி 2:52 சொல்லும்போது, அறிவு, உடல், இறைவனோடுள்ள உறவு, சக மனிதரோடுள்ள உறவு என நான்கும் பிரிக்க முடியாதபடி ஒரே பிள்ளைக்குள் வளர்வதையே காட்டுகிறது. 1524இல் ஜெர்மன் நகர மன்றங்களுக்குப் பள்ளிகளை நிறுவும்படி எழுதிய திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், திருமறையைக் கற்பதற்கு மட்டுமன்றி, நகரையும் வீட்டையும் நல்ல முறையில் நடத்தத் தகுதியான ஆண்களும் பெண்களும் வேண்டும் என்பதற்காகவும் அவற்றைக் கேட்டார். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளைத் தொடங்கிய ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், வாசிப்பை லத்தீனில் தொடங்கும் வழக்கத்தை விட்டு, பிள்ளைகள் பேசிய பிரெஞ்சு மொழியிலேயே தொடங்கினார். ஏழைப் பிள்ளைக்குப் புரியும்படி கற்பிப்பதே அவருக்கு இறைப்பணியாக இருந்தது.

இந்த நோக்கம் மெய்யாகவே சோதிக்கப்படுவது ஒரு பிள்ளை தவறு செய்யும் வேளையில். என் பணியின் தொடக்க ஆண்டுகளில், கணக்குத் தேர்வில் அளவுகோலின் பின்புறம் பென்சிலால் நுணுக்கிச் சூத்திரங்களை எழுதி வந்த மாணவன் ஒருவனைப் பிடித்தேன். மறுநாள் காலைக் கூட்டத்தில் அவனை முன்னே நிறுத்தி, பொய்யைக் கண்டிக்கும் வசனத்தை அவன் வாயாலேயே வாசிக்க வைத்தேன். அந்த ஆண்டு முழுவதும் வேதபாட வகுப்பில் அவன் தலை நிமிரவில்லை. அவனைத் தேற்ற வேண்டிய வசனத்தை நான் பிரம்பாக்கிவிட்டேன் என்பது எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின.

பின்னொரு முறை அதே தவறு வேறொரு மாணவியிடம் நடந்தபோது, கதவைச் சாத்திவிட்டுத் தனியே பேசினேன். "பின்னம் வந்த நாளிலிருந்தே எனக்கு எதுவும் புரியல சார்" என்றாள். அந்தத் தாளுக்குப் பூச்சியம்தான் என்பதை மாற்றவில்லை, ஏனென்றால் மன்னிப்பு உண்மையை மூடி மறைப்பதன்று. ஆனால் வீட்டில் அவளே சொல்ல ஒரு நாள் அவகாசம் கொடுத்து, பள்ளி முடிந்தபின் பின்னத்திலிருந்து மறுபடி தொடங்கினோம். நேர்மையும் கிருபையும் ஒன்றாகச் செல்ல முடியும் என்பதை அவளோடு நானும் அப்போதுதான் கற்றேன்.

பிற சமயப் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விசுவாசத்துக்கு வற்புறுத்தல் கூடாது என்பதை கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையில் தெளிவாக்கியது. ஜெபவேளையில் அமைதியாக நிற்க விரும்பும் பிள்ளையை அப்படியே விட வேண்டும், அவன் நம்பிக்கைக்கு மதிப்பெண் போடக்கூடாது.

இவை எல்லாவற்றையும்விட என்னை வாட்டுவது வேறொன்று. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனைப் பற்றிக் காலையில் வாசித்துவிட்டு, தேர்ச்சி விகிதம் குறையும் என்று பயந்து, படிப்பில் பின்தங்கிய பிள்ளையின் பெற்றோரிடம் மாலையில் "வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் வழக்கத்தை நான் பணியாற்றிய ஓரிடத்திலேயே கண்டிருக்கிறேன். அப்படி அனுப்பப்படும் பிள்ளை எத்தனை வசனங்களை மனப்பாடம் செய்திருந்தாலும், தன்னைத் தேடி யாரும் வரவில்லை என்பதைத்தான் நினைவில் வைத்திருக்கும்.

ஆகையால் பெற்றோர், சேர்க்கையின்போது தேர்ச்சி விகிதத்தோடு, சென்ற ஆண்டு தேறாத பிள்ளைகள் இப்போது எங்கே படிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். தலைமையாசிரியர்கள், மாதாந்திரக் கூட்டத்தில் முதலிடம் பெற்றவர்களின் பட்டியலை எடுக்கும் முன், தடுமாறும் பிள்ளைகளின் பெயர்களை வாசித்து, ஒவ்வொருவருக்கும் எந்த ஆசிரியர் பொறுப்பு என்று எழுதி வையுங்கள்.