புழு வைத்தது யார்?

வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் தாதி நான். இந்த மாதம் இது மூன்றாவது வீடு. புண் கட்டைப் பிரித்தால், தாத்தாவின் கால் விரலிடுக்கில் வெள்ளை வெள்ளையாய் நெளிகிறது. மகள் தலையில் அடித்துக்கொண்டார். "சர்க்கரை ரத்தம் இனிப்புதானே மிஸ்ஸி, அதான் உள்ளேயே உண்டாயிடுச்சு."

உண்டாகவில்லை அம்மா. ரத்தம் இனித்தாலும் கசந்தாலும் அதில் புழு பிறக்காது. இத்தாலியில் ரெடி என்ற மருத்துவர் 1668இலேயே இதைக் காட்டிவிட்டார். இறைச்சி ஜாடியைத் துணியால் மூடினார், புழு இல்லை. திறந்து வைத்தார், புழு வந்தது. அவ்வளவுதான். அதே ஜாடிக் கதையை நான் இன்னும் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 'புழு வைத்துவிட்டது' என்று நாமே சொல்கிறோம். வைத்தது யார் என்று மட்டும் கேட்பதில்லை.

வைத்தது ஈ. வீட்டு ஈயைவிடப் பருத்தது, முதுகு பச்சையும் நீலமுமாக மின்னும், கண் செங்கல் நிறம். ஈரச்சந்தை மீன் கடையில் பார்த்திருப்பீர்கள். சீழ் வாடை அதற்குத் தூரத்திலிருந்தே எட்டிவிடும். ஒரு தடவை உட்கார்ந்தால் நூறு, இருநூறு முட்டை. "பதினோராவது மாடிக்கு ஈ எங்கே வரும்?" என்கிறார்கள். அதற்கு லிஃப்ட் தேவையில்லை. நம் ஊர்ச் சூட்டில் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கு ஊர்வதும் தெரியாது.

மருத்துவமனையிலேயே புழு வைத்துப் புண்ணைச் சுத்தம் செய்கிறார்களாமே என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். எல்லாம் யூடியூப். உண்மைதான், அமெரிக்கா 2004இல் அனுமதியே கொடுத்தது. அது கிருமி நீக்கி வளர்த்த, லூசிலியா செரிகாட்டா என்ற ஒரு வகைப் பச்சை ஈயின் புழு. இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடுவார்கள். உங்கள் ஜன்னல் வழியே வந்தது எந்த இனமோ! உயிருள்ள சதையையே குடைந்து தின்னும் இனமும் நம் வட்டாரத்தில் உண்டு.

சரி, கட்டு நனைந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். கழற்றியதைப் பையில் போட்டு முடிச்சிட்டுக் குப்பைக் குழாயில் தள்ளுங்கள். கட்டின் ஓரத்தில் தேங்காய்த் துருவல்போல ஒட்டியிருந்தால் அது முட்டை, உடனே தாதியைக் கூப்பிடுங்கள். புழுவே தெரிந்தால் மஞ்சள், கோடாலித் தைலம் எதையும் ஊற்றாதீர்கள், சாமணத்தால் இழுக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன், பணிப்பெண்ணைத் திட்டாதீர்கள். கட்டைத் தொடாதே என்று அவரிடம் சொன்னதே நீங்கள்தான்.

தாத்தா மத்தியானத்தில் காரிடாரில் நாற்காலி போட்டு, காலை முக்காலியில் நீட்டித் தூங்குவாராம். இந்த ஈ பெரும்பாலும் பகலில்தான் முட்டையிடும். இப்போது நாற்காலி உள்ளே வந்துவிட்டது. காலுக்கு நேராக மின்விசிறி, காற்றில் ஈ உட்காரச் சிரமப்படும். "வெளிய இருந்தா நாலு பேர் முகத்தைப் பார்ப்பேன்" என்று முனகுகிறார். இருட்டிய பிறகு, ஏழரைக்கு மேல் வெளியே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.