மீன் தொட்டி ஃபில்டர்: ஓட்டமும் தூய்மையும்

தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் வைக்கப்படும், மூடிய டப்பா போன்ற கேனிஸ்டர் ஃபில்டரைப் பற்றி, கீழிருந்து மூன்றடி உயரத்துக்கு நீரை ஏற்ற வேண்டியிருப்பதால்தான் மோட்டார் திணறுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. இறங்கு குழாயும் ஏறு குழாயும் நீர் நிரம்பியிருக்கும்வரை, ஒரு பக்கத்து நீரின் எடை மறுபக்கத்து எடையைத் தராசுத் தட்டுகளைப் போல ஈடுகட்டிவிடும். ஒரு மீட்டர் உயர நீர் தரும் அழுத்தம் சுமார் 0.1 பார், அது இரு குழாய்களிலும் சமமாக இருப்பதால் கழிந்துபோகிறது. மோட்டார் வெல்ல வேண்டியது குழாய் வளைவுகளிலும், கழிவைப் பிடிக்கும் ஸ்பாஞ்சின் துளைகளிலும் எழும் தடையைத்தான்.

ஸ்பாஞ்சில் கழிவு சேரச் சேர இத்தடை கூடுகிறது. அதற்கேற்ப மோட்டார் வெளித்தள்ளும் நீரின் அளவு குறைகிறது. இதை அறிய அழுத்தமானி வேண்டியதில்லை. ஒரு லிட்டர் மக்கும் கைப்பேசிக் கடிகாரமும் போதும். வெளிவரும் குழாயின் வாயை மக்குக்குள் பிடித்து, அது நிரம்பும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 12 விநாடியில் நிரம்பினால் ஓட்டம் மணிக்கு 300 லிட்டர். குழாயின் வாய் தொட்டியின் நீர்மட்டத்தை ஒட்டியே இருப்பது முக்கியம். கீழே இறக்கிப் பிடித்தால், நீரைத் தாழ்வான பக்கத்துக்குத் தானே இழுக்கும் சைஃபன் விசையும் சேர்ந்துகொண்டு, ஓட்டத்தை உள்ளதைவிட மிகுதியாகக் காட்டிவிடும். 2 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். அந்த நீர் மணிக்கு நான்கைந்து முறை ஃபில்டர் வழியே சுழல வேண்டும் என்பது மீன் வளர்ப்போரின் பொதுவழக்கு. பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்புவதைவிட, ஃபில்டரைக் கழுவிய அன்று கிடைத்த அளவைத் தொட்டியின் ஓரத்தில் எழுதி ஒட்டிவைத்து, பிந்தைய அளவுகளை அதனோடு ஒப்பிடுவதே நல்லது.

அடைபட்ட ஸ்பாஞ்ச் நம்மை ஏமாற்றவும் செய்யும். தேயிலைத்தூள் அடைத்த வடிகட்டியில் டீ மெதுவாக, ஆனால் தெளிவாக இறங்குவதைப் போல, துளைகள் சுருங்கிய ஸ்பாஞ்ச் நுண்ணிய தூசியையும் பிடித்துக்கொள்வதால், தொட்டி முன்னைவிடப் பளிச்சென்று தெரியலாம். அதே வேளையில் உள்ளே வாழும் பாக்டீரியாக்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். மீன்களின் செவுள்வழி வெளியேறும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை அவைதாம். அம்மோனியாவில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்க நான்கரை கிராமுக்கும் சற்று மேற்பட்ட ஆக்சிஜன் வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் காற்றிலிருந்து ஏற்று வைத்துக்கொள்வதோ 8 மில்லிகிராம் அளவுக்குத்தான். ஆகவே, ஓட்டம் குறைந்தால் தூய்மையும் குறையும்.

அந்தக் குறைவைக் கண்ணால் காண முடியாது. டிடிஎஸ் மீட்டரும் காட்டாது, ஏனெனில் அது கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவையே மதிப்பிடுகிறது. துளித்துளியாக விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட்தான் வழி. மஞ்சளாக இருக்கும் சோதனை நீர் பச்சைக்கு மாறினால் அம்மோனியா இருக்கிறது. மற்றொரு குப்பியில் இளஞ்சிவப்போ ஊதாவோ தோன்றினால் நைட்ரைட். இவ்விரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். அம்மோனியா அளவை, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்போடு சேர்த்தே படிக்க வேண்டும். 25 டிகிரியில் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்கே நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். உப்புத்தன்மையும் காரமும் மிகுந்த போர் தண்ணீரை ஊற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் நான் ஸ்பாஞ்சைக் கழுவிவிடுவேன். குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவினால் பாக்டீரியாக்கள் மடிந்துவிடும் என்பதால், தொட்டியிலிருந்தே ஒரு வாளி நீர் எடுத்து, அதில் இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். பல மணி நேர மின்தடைக்குப் பிறகு மோட்டாரை உடனே இயக்கக் கூடாது. மூடிய கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றம் எடுத்திருக்கும் நீரை முதலில் சாக்கடையில் கொட்டிவிட வேண்டும். இல்லையேல் அது அப்படியே மீன்களிடம் போய்ச் சேரும்.