ஆட்டோபைலட் போட்டால் இறக்கை ஏன் ஆடுகிறது?

அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, வார இறுதியில் வாடகை செஸ்னா 172-இல் பறக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஆட்டோபைலட்டைப் போட்டதும் இறக்கைகள் இடமும் வலமுமாக மெதுவாக ஆட ஆரம்பிக்கின்றன. கையால் ஓட்டினால் ஒரு பிரச்சினையும் இல்லை. கம்ப்யூட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?"

அவசரப்படாதீர்கள். அவர் விமானத்தில் இருப்பது கேஏபி 140, ஒரு காலத்துச் செஸ்னாக்களில் பரவலாக வந்த ஆட்டோபைலட். அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். விலகலை உணரி சொல்லும், கம்ப்யூட்டர் கணக்குப் போடும், சர்வோ மோட்டார், இறக்கையைச் சாய்க்கும் மடிப்பான எய்லரானின் கேபிளை இழுக்கும், விமானம் நேராகும், உணரி மறுபடி பார்க்கும். எனக்குப் பிடித்த சமாச்சாரம் அந்த உணரிதான்.

பைலட்டுக்கு எதிரே, குட்டி விமானப் பொம்மை சாய்ந்து சாய்ந்து காட்டுமே, அந்த டர்ன் கோஆர்டினேட்டர். அதற்குள் மின்சாரத்தில் சுழலும் ஒரு ஜைரோ. சுழலும் சக்கரத்தின் அச்சைத் திருப்பினால் அது நாம் திருப்பிய பக்கம் போகாமல் அதற்குக் குறுக்கே சாயப் பார்க்கும். கழற்றிய சைக்கிள் சக்கரத்தை இரண்டு கையிலும் பிடித்துச் சுற்றவிட்டுத் திருப்பிப் பாருங்கள், மணிக்கட்டுக்கே புரிந்துவிடும். கருவிக்குள் அந்தச் சாய்வை ஒரு ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கிறது, எனவே எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோமோ அவ்வளவு சாயும். இதற்கு முந்தைய கருவியில் ஜைரோவின் சட்டம் படுக்கையாக இருந்ததால் மூக்கு திரும்புவது மட்டும்தான் அதற்குத் தெரியும். யாரோ ஒரு புண்ணியவான் அந்தச் சட்டத்தைச் சுமார் 30 டிகிரி தூக்கி வைத்தார். அவ்வளவுதான் வித்தியாசம், இறக்கை சாயும் வேகமும் சேர்ந்து தெரிய ஆரம்பித்துவிட்டது. திருப்பத்தில் முதலில் இறக்கைதான் இறங்கும், மூக்கு பிறகுதான் வரும். அதனால் சேதி முன்கூட்டியே வந்துவிடுகிறது.

இதில் இன்னொரு அழகு உண்டு. விமானம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பது இந்த ஆட்டோபைலட்டுக்குத் தெரியவே தெரியாது. திரும்பும் வேகத்தைப் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டால் இறக்கை தானாகவே சமமாகிவிடும் என்ற நம்பிக்கையில் ஓடுகிறது. குருட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் பழைய 172-களில் செயற்கை அடிவானம், அதாவது சாய்வைக் காட்டும் கருவி, எஞ்சினோடு ஓடும் வெற்றிட பம்பை நம்பியிருக்கிறது, அந்த பம்பின் கார்பன் தகடுகளோ சொல்லாமல் கொள்ளாமல் உடையும். மேகத்துக்குள் அது நடந்தால் அடிவானம் மெல்ல மெல்லப் பொய் சொல்லும். அதை நம்பி ஓடும் ஆட்டோபைலட்டும் கூடவே சாயும். மின்சார ஜைரோவை நம்பும் இது சாயாது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஜைரோவின் பேரிங் தேய்ந்தால் சட்டம் ஒட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சடக்கென்று நகரும். அதற்குள் இறக்கை சாய்ந்துவிடும், கம்ப்யூட்டர் தாமதமாக எதிர்ப்பக்கம் இழுக்கும், அந்த இழுப்பு போதும் என்ற சேதியும் தாமதமாகவே வரும், எனவே மறுபக்கம் தாண்டிவிடும். சர்வோவை எய்லரான் கேபிளோடு இணைக்கும் சின்ன கேபிள் தொய்ந்திருந்தாலும் இதே கதைதான்: மோட்டார் சுற்றும், முதலில் தொய்வு மட்டும் இறுகும், அப்புறம்தான் இறக்கை அசையும். இரண்டிலும் கம்ப்யூட்டர்மேல் தப்பில்லை.

ஆகவே எப்போது ஆடுகிறது என்று முதலில் பிரித்தறியுங்கள். இறக்கையைச் சமமாக வைக்கும் சாதாரண ரோல் நிலையிலேயே ஆடுகிறதா? அப்படியானால் ஜைரோ அல்லது கேபிள். அதில் நேராகப் பறந்து, வழிகாட்டும் சிக்னலைப் பின்தொடரும் நேவ் நிலைக்குப் போனதும் வளைந்து வளைந்து போனால் அந்தச் சிக்னலைச் சந்தேகப்படலாம். மூக்கு மேலும் கீழும் ஆடினால் அது வேறு கிளை: உயரம் அறிய வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் ஸ்டாட்டிக் குழாயில் கசிவு, மூக்கை ஏற்றி இறக்கும் வால்மடிப்பான எலிவேட்டரின் கேபிளில் உராய்வு. பறந்துவிட்டு வந்து எஞ்சினை நிறுத்தி, மாஸ்டர் சுவிட்சை அணைத்ததும் கருவிப் பலகையருகே காதை வைத்துக் கேளுங்கள். நல்ல ஜைரோ மெல்லிய ரீங்காரத்தோடு நெடுநேரம் சுற்றி ஓயும், தேய்ந்தது கரகரத்துச் சீக்கிரமே நின்றுவிடும். கேபிள் இழுவிசையை அளக்கக் கருவி இருக்கிறது, மெக்கானிக்கிடம் கேளுங்கள். இதையெல்லாம் பார்க்காமல் பெட்டி பெட்டியாக மாற்றுவது, என்ன தோஷம் என்றே தெரியாமல் பரிகாரம் செய்வது மாதிரி. ஒன்று பலித்துவிட்டால் அடுத்த விமானத்துக்கும் அதையே சொல்வார்கள்.

மொத்தமாகவே மாற்றுவதென்றால், கார்மின் 2017-இல் அறிவித்த ஜிஎஃப்சி 500 போன்றவற்றில் சுழலும் சக்கரமே கிடையாது. சிலிக்கானில் செதுக்கிய கண்ணுக்குத் தெரியாத எடை ஒன்று நொடிக்குப் பல ஆயிரம் முறை அதிர்கிறது, விமானம் திரும்பினால் அது பக்கவாட்டில் துளி விலகும், அந்த விலகலை மின்தேக்குதிறன் மாற்றமாக அளக்கிறார்கள். கோரியோலிஸ் விளைவு. உங்கள் போனிலும் இருப்பது இதுதான். ஈக்கும் கொசுவுக்கும் பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்தில் குமிழ் வைத்த இரண்டு குச்சிகள் உண்டு, அவையும் இப்படியே அதிர்ந்து திரும்பலை உணர்கின்றன. பிரிங்கில் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் 1948-இல் அதை விரிவாக எழுதினார். சிலிக்கான்காரர்கள் ஈயைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஈயின் குச்சியை ஆராய எதற்குக் காசு என்று கேட்கும் நிதிக்குழு எந்த நாட்டிலும் இருக்கிறது, அந்தக் கேள்வி எனக்கு எரிச்சலூட்டுகிறது.

அமெரிக்காவில் நினைத்ததை மாட்டிவிட முடியாது, அந்த விமான மாடலுக்கென்று விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் ஒப்புதல் வேண்டும். மாட்டிய பிறகு முதல் சோதனை தரையில். ஆட்டோபைலட்டைப் போட்டு, போக வேண்டிய திசையைக் குறிக்கும் திசைக்குறியை இடப்பக்கம் நகர்த்துங்கள், யோக் என்ற கைப்பிடிச் சக்கரம் இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும். அடுத்து யோக்கைக் கையால் எதிர்த்துத் திருப்பிப் பாருங்கள், சர்வோவை உங்களால் மீற முடிய வேண்டும். கடைசியாக யோக்கில் உள்ள சிவப்புப் பொத்தான். அழுத்தியதும் ஆட்டோபைலட் பிடியை முழுக்க விட வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அன்றைக்குப் பறக்காதீர்கள். நீங்கள் வாடகைக்கு எடுக்கும் விமானத்தைப் பொறுத்தவரை, மேலே சொன்னதையெல்லாம் பார்த்து ஜைரோமேல் சந்தேகம் வந்தால், முதலில் அந்த டர்ன் கோஆர்டினேட்டரைக் கழற்றிப் பழுதுபார்க்கக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நிற்காவிட்டால் புதிதைப் பற்றி யோசிக்கலாம்.