பிரேக்கை விடுவிக்கும் ரப்பர் வளையம்

"பழைய கார். கொஞ்ச தூரம் ஓட்டினாலே முன்பக்கம் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது. மெக்கானிக் காலிப்பரையே மாற்றச் சொல்கிறார். பேட் மாற்றினால் போதாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பெரும்பாலும் போதாது. சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதில் உரசி நிறுத்தும் கட்டை பேட், பேடையும் அதைத் தள்ளும் பிஸ்டனையும் தாங்கும் இடுக்கி காலிப்பர். பெடலை மிதித்தால் நடப்பது பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான்: ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேடைத் தள்ளும், பேட் டிஸ்க்கைக் கவ்வும். சரி, காலை எடுத்ததும் பிஸ்டன் எப்படிப் பின்வாங்குகிறது? டிரம் பிரேக்கில் அதற்கு ஸ்பிரிங் உண்டு. முன்சக்கரக் காலிப்பரைப் பிரித்தால் பிஸ்டனை இழுக்கும் ஸ்பிரிங் எதுவும் இருக்காது.

இழுப்பது ஒரு ரப்பர் சீல். கசிவைத் தடுப்பது மட்டும்தான் அதன் வேலை என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். கையில் எடுத்துப் பாருங்கள்: சாதாரண ஓ-ரிங் போல உருண்டையாக இருக்காது, குறுக்கே வெட்டினால் சதுரம். காலிப்பரின் உட்சுவரில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து பிஸ்டனை இறுகப் பிடித்திருக்கும். பிஸ்டன் நகரும்போது ரப்பர் வழுக்குவதில்லை, கூடவே சாய்ந்துகொடுக்கிறது. சதுரம் சாய்சதுரமாகிறது! அழுத்தம் போனதும் நிமிர்கிறது, பிஸ்டனையும் இழுத்துக்கொண்டு. ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். டிஸ்க் தடையின்றிச் சுற்ற அது போதும். பேட் தேயத் தேய, ரப்பர் சாயும் எல்லையைப் பிஸ்டன் தாண்டும். அப்போது மட்டும் வழுக்கி, புது இடத்தில் பிடித்துக்கொள்ளும். சென்சார் இல்லாமல் இடைவெளி தானாகச் சரியாகிவிடுகிறது. ராக்கெட்டுக்குக் கைதட்டுகிற நாம் ரப்பர் ஆராய்ச்சியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது என் பழைய ஆதங்கம்.

கோளாறுக்கு வருவோம். வழக்கமான பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரமேறியபின் 155 இருந்தாலே தரத்தில் தேறிவிடும். அந்த ஈரமும், கிழிந்த டஸ்ட் பூட் (பிஸ்டனைத் தூசியிலிருந்து காக்கும் ரப்பர் உறை) வழியே புகும் தண்ணீரும் பிஸ்டனை அரிக்கின்றன. வயதான ரப்பருக்கு நிமிரத் தெம்பில்லை, துருப்பிடித்த பிஸ்டனுக்கு நகர மனமில்லை. பேட் உரசிக்கொண்டே இருக்கிறது. புது பேடும் அதே கதிதான்.

மாற்றுமுன் ஒரு சோதனை. ஜாக்கில் தூக்கிய சக்கரம் இறுகியிருக்கும்போது காலிப்பரின் நிப்பிளை, அதாவது ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகைத் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சியடித்து சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது என்று அர்த்தம். காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ஹோஸ் உட்புறம் உப்பியிருக்கிறதா என்று சந்தேகியுங்கள். விடவில்லை என்றால் காலிப்பர்தான், அல்லது காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின்னில் கிரீஸ் காய்ந்திருக்கும்.

புது காலிப்பரை மாட்டுவது சுலபம்: ஹோஸ் போல்ட்டுக்குப் புது செம்பு வாஷர், அப்புறம் ஏர் எடுப்பது, அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை நிப்பிள் வழியே வெளியேற்றுவது. நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குமிழி மேலேதானே ஏறும்? நான் ஒருமுறை இடது காலிப்பரை வலதில் மாட்டிவிட்டு, அடியில் இருந்த நிப்பிள் வழியாக ஒரு பாட்டில் ஆயிலைத் தீர்த்தேன். பெடல் கடைசிவரை பஞ்சு மாதிரியே இருந்தது.